நாலு இருபதுக்குத் திரும்பிய காற்று

ஆக்னலுக்கு இந்த ஜூனோடு எழுபத்தொன்பது வயது. கொடைக்கானலுக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. தண்டனை மாற்றலில் வந்தார்.

அதற்கு முன் கடலோரத்துச் சின்ன விமான நிலையம் ஒன்றில் காற்றையும் மழையையும் அளந்து குறிக்கும் வேலை. 1969 நவம்பரில் ஒரு சாயங்காலம், அடைமழைக்குள் ஒரு டகோட்டா விமானம் இறங்க வந்தது. எதிர்காற்று இருந்தால்தான் அதற்கு வேகம் அடங்கும். நாலு இருபதுக்குக் காற்று சட்டென்று திரும்பி அதன் முதுகில் அடித்தது. ஆக்னல் உடனே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போனில் சொன்னார். அங்கிருந்த அதிகாரி விமானிக்குச் சொல்லவில்லை.

நனைந்த ஓடுபாதையில் பிரேக் பிடிக்கவில்லை. பாதை முடிந்தும் நிற்காமல், வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சேற்று வயலில் மூக்கைக் குத்தி நின்றது விமானம். பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். விமானிக்குக் கால் முறிந்தது.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார்.

"குறிப்பேட்டுல நாலு இருபதை நாலு முப்பதுன்னு மாத்திடுப்பா. இறங்குன பிறகுதான் காத்து மாறுச்சுன்னு முடிஞ்சு போகும்."

"நான் பாத்தது நாலு இருபதுங்க சார். மாத்த மாட்டேன்."

நானே ஓடிப்போய்க் கை காட்டியிருக்கலாமோ என்று ஆக்னலுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விசாரணையில் அவர் குறிப்பேடுதான் விமானியின் பழியைத் துடைத்தது. "நீ எழுதி வச்சதே போதும் தம்பி" என்று அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மனசு ஆறியது.

அதிகாரிக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. மூன்றே மாதத்தில் ஆக்னலை மலைக்குத் தூக்கியடித்தார்கள். ஒற்றை ஸ்வெட்டரோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர், வாரம் முழுக்க இருமினார். சர்ச்சில் அந்த இருமலைப் பொறுக்க முடியாமல் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து நீட்டிய டீச்சர்தான் ஜெனி. அடுத்த வருடம் கல்யாணம். பிறகு வந்த இரண்டு மாற்றல்களையும் ஆக்னலே மனுப் போட்டு ரத்து செய்துகொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் வானத்தைப் பார்க்கிற சோலி விடவில்லை. மேல்மலைப் போளூரில் மலைப்பூண்டு போடும் வேல்ராஜ் போன வாரம் வெள்ளனே போன் செய்தார்.

"ஐயா, பூண்டைக் காய விரிக்கலாங்களா?"

"மத்தியானம் வரைக்கும் மழை வராது. தைரியமா விரிங்க."

பத்து மணிக்கே கொட்டித் தீர்த்தது. மறுபடி போன்.

"என்னங்கய்யா, இப்படிக் கவுத்துட்டீங்க! வெரசா தார்ப்பாயை இழுத்ததுல பூண்டு தப்பிச்சிருச்சு. நாங்கதான் தொப்பலா நனைஞ்சு கெடக்கோம்."

"இன்னைக்குத் துணி காயாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஜெனி அடுப்படியிலிருந்து.

ஆக்னலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு டீச்சரையே கேளுங்க வேல்ராஜ்" என்று போனை அவரிடம் நீட்டினார்.