உருத்திரபுரத்துச் சைக்கிளும் என் விமர்சனமும்

வவுனியா, வெள்ளிக்கிழமை, காலை 9.10

கிளிநொச்சி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை சுலபமாகக் கிடைத்தது. வெயில் விழும் பக்கம் என்பது பஸ் புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. கட்டணம் 340 ரூபா, தூரம் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. முதல்நாளே வெள்ளவத்தையிலிருந்து வந்து வவுனியாவில் தங்கியிருந்தேன். பயணத்தின் நோக்கத்தை மறைத்துப் பயனில்லை. நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போய்க்கொண்டிருந்தேன்.

இசை பற்றி எழுதுவது என் தொழிலல்ல, பழக்கம். ஒரு சிறு சஞ்சிகையில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் அதில் யோகா என்று அழைக்கப்படும் யோகேஸ்வரியின் பாடல்களைப் பாராட்டி எழுதினேன். மல்லாவியில் பால் சேகரிக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்யும் முப்பத்தாறு வயதுப் பெண் அவர். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். கொம்பனி எதுவும் பின்னால் இல்லாமல், ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் எட்டுப் பாடல்களைத் தானே பதிவு செய்து இணையத்தில் விட்டிருந்தார். எட்டும் கதைகள். பால் கொண்டு வருபவர்கள் வரிசையில் நின்று கதைத்ததில் பொறுக்கியவை.

அந்தப் பாடல்களைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. அமெரிக்கக் கிராமியப் பாடகர்களைக் கைபேசியில் கேட்டுப் பழகிய கிற்றார் கை, அயல்வீட்டுக்காரியிடம் கதை சொல்வது போன்ற குரல். சோகம் என்ற சொல்லைப் பாட மாட்டார். வாளி, டோச் லைட், கழன்ற செருப்பு என்று பொருட்களைப் பாடுவார். சோகம் தானாக வந்து சேரும். குறையும் உண்டு. இரண்டாவது பாட்டில் எதுகைக்காகச் சொற்களை இழுத்து வந்து கட்டியிருக்கிறார். எட்டாவது, பாதியிலேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆறாவது பாட்டுத்தான் என்னை வம்பில் மாட்டியது. போர்க்கால இடப்பெயர்வின்போது நடக்க முடியாத தாயை ஏற்றிச் செல்ல, பனையில் சாத்தியிருந்த யாரோ ஒருவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன ஒருவரின் கதை அது. அவர் இன்னும் அதை வைத்திருக்கிறார். ஓடுவதில்லை. எண்ணெய் விடுகிறார், உரியவர் வருவார் என்று.

கையிலே பிடித்ததும் அவனுடையதல்ல,
காலிலே மிதித்ததும் அவனுடையதல்ல

என்று தொடங்கும். கைபிடியில் சுற்றிய சிவப்புத் துணி பாட்டில் மூன்று தடவை வரும். பாட்டில் ஊர்ப் பெயர் இல்லை. தொலைபேசியில் கதைத்தபோது யோகா வாய்தவறிச் சொன்னதை வைத்து, நான் அச்சில் போட்டேன்: “இது உருத்திரபுரத்தில் தண்ணீர்ப் பம்பி திருத்தும் ஒருவரின் உண்மைக் கதை. அந்தச் சிவப்புத் துணியை எந்தக் கற்பனையும் தந்திருக்காது, வாழ்க்கைதான் தந்திருக்கும்.” அந்த வசனத்தை எழுதி முடித்தபோது எனக்கு என்மேல் நல்ல மதிப்பு வந்தது.

யாரோ அதை முகநூலில் போட்டார்கள். கொஞ்ச நாளில் யோகாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “அண்ணா, சைக்கிள் கேட்டு ஆக்கள் வருகினமாம்.”

முறிகண்டி, 10.55

எல்லா வாகனமும் நிற்பது போல எங்கள் பஸ்ஸும் பிள்ளையாரிடம் நின்றது. சாரதி தேங்காய் உடைத்தார். நான் நூறு ரூபாவுக்குக் கச்சான் கடலை வாங்கினேன். பக்கத்தில் இருந்த நெல் விதைக்கும் கமக்காரர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, என்ன அலுவலாக வருகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன்.

“ஓ, அந்தச் சைக்கிள் பாட்டோ? மோள் போனிலை போட்டுக் காட்டினவள். அதைப் பற்றி ஆரோ கொழும்பான் எழுதினவனாம், என்ன?”

“ஓம்” என்றேன். அதற்குமேல் அறிமுகம் செய்துகொள்ளவில்லை.

கிளிநொச்சி, 11.30

யோகா மல்லாவியிலிருந்து வேறு பஸ்ஸில் வந்து எனக்காகக் காத்திருந்தார். கிற்றாருக்கு உரப்பையில் தைத்த உறை. முகத்தில் கோபம் இருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். அது இல்லாதது இன்னும் சங்கடமாக இருந்தது. உருத்திரபுரத்துக்கு ஏழு கிலோமீற்றர் அளவு. ஓட்டோவுக்கு 800 ரூபா.

சிறுபோக நெற்பயிர் இரண்டு பக்கமும் நின்றது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வாய்க்காலில் வரும் காலம். சோளகக் காற்று ஓட்டோவின் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போனது. காற்றுக்கு மேலாகக் கத்தி யோகா தன் வேலை முறையைச் சொன்னார். ஒருவரின் கதையைப் பாட்டாக்கினால், முதலில் அவருக்கு முன் இருந்து பாடுவார். அவர் ஓம் என்றால்தான் மற்றவர்களுக்கு. வேண்டாம் என்றால் பாட்டைக் கைவிட்டுவிடுவார். அப்படிக் கைவிட்டவை நான்கு. என்ன பாட்டுகள் என்று கேட்டேன்.

“அதைச் சொன்னால் கைவிட்டதெண்டு என்ன அண்ணா அர்த்தம்?” என்றார்.

உருத்திரபுரம், 12.15

தியாகராசாவுக்கு அறுபத்தொரு வயது. முற்றத்துக் கொட்டிலில் மூன்று பம்பிகளைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார். நான் நின்றபடியே மன்னிப்பைச் சொல்லிவிட்டேன். அவர் முழுதும் கேட்டார்.

“கதிரையிலை இருங்கோ, தம்பி. இவ்வளவு தூரம் வந்து நிண்டுகொண்டே கதைக்கிறியள்” என்றார்.

மனைவி தேநீர் கொண்டு வந்தார். என் கட்டுரை வந்த பிறகு ஐந்து பேர் சைக்கிள் கேட்டு வந்ததாகத் தியாகராசா சொன்னார். பரந்தனிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து இருவர். மற்றவர்கள் எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: கைபிடியில் என்ன இருந்தது?

“அஞ்சு பேரும் சிவப்புத் துணி எண்டவை. ஒராள் தானே சுத்தினது எண்டு அழுதும் போட்டார்.”

“அப்ப அவரிட்டைக் குடுத்திருக்கலாமே?” என்றேன்.

தியாகராசா யோகாவைப் பார்த்தார். யோகா நிலத்தைப் பார்த்தார்.

“தம்பி, அதிலை சிவப்புத் துணி இல்லை” என்றார் அவர். “பிள்ளை முதல் பாடிக் காட்டேக்கை எல்லாம் சரியாத்தான் இருந்தது. நான்தான் சொன்னனான், கைபிடியிலை இருக்கிறதை மட்டும் மாத்திப் பாடு எண்டு. உரியவை வந்தால் நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” சற்று நிறுத்தி, எந்த ஏளனமும் இல்லாமல் சேர்த்தார்: “நீங்கள் அதைத்தான் நல்லா எழுதியிருந்தியள்.”

என் இருபது வருட விமர்சனப் பழக்கத்தில் இப்படி ஒரு அடி வாங்கியதில்லை. எட்டுப் பாட்டுக்குள் ஒரே ஒரு பொய். அதைத் தேடிப் பிடித்து, இதுதான் உண்மை என்று நான் முத்திரை குத்தியிருக்கிறேன்.

“பாலிலை தண்ணி கலந்தால் பால்மானியைப் போட்டுப் பிடிச்சிடுவன்” என்றார் யோகா. “பாட்டிலை கலந்தால் நீங்களும் பிடிக்கேல்லை.” இப்போது சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

திருத்தம் போடட்டுமா என்று தியாகராசாவிடம் கேட்டேன். ஒன்றும் போட வேண்டாம், சிவப்புத் துணி அப்படியே இருக்கட்டும் என்றார். வந்த ஐந்து பேர்மீதும் அவருக்குக் கோபம் இல்லை. “அவையும் எங்கையோ ஒரு சைக்கிளைத் துலைச்சவைதானே.”

பிறகு கொட்டிலின் மூலைக்குக் கூட்டிப் போய், மூடியிருந்த பழைய சாரத் துணி ஒன்றை விலக்கிக் காட்டினார். கறுப்பு நிற ஆண்கள் சைக்கிள். றிம் மினுங்கியது. கைபிடியில் இருந்ததைப் பார்த்தேன். எவரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் அவரை வருத்தியது சைக்கிள் மட்டும் அல்ல.

“அதிலை ஒரு குடும்பம் சாமான் ஏத்தி வந்திருக்கு, தம்பி. கரியரிலை இருந்த மூட்டையை நான்தான் அவிட்டு இறக்கி, பனைக்குக் கீழை வைச்சனான். அம்மாவை ஏத்தினன். அம்மா இந்த வீட்டிலை வந்துதான் கண்ணை மூடினவா. ஆனா அந்த ஆக்கள்? சைக்கிள் இல்லாமல் அவை வந்து சேந்திச்சினமோ?”

சாரத்தை இழுத்து மூடிவிட்டு, சாப்பிட வாங்கோ என்றார். மரியாதைக்காகச் சாப்பிட்டேன்.

மல்லாவி, சனிக்கிழமை, மாலை 4.00

மாங்குளத்தில் பஸ் மாறி மல்லாவிக்குப் போனேன். அங்கே பொதுநோக்கு மண்டபத்தில் யோகாவின் கச்சேரி. கச்சேரி என்பது பெரிய சொல். ஒரு கதிரை, ஒரு ஒலிவாங்கி, அறுபது எழுபது பேர். நுழைவு இலவசம். முன்வரிசையில் பால் ஊற்றும் ஆட்கள் இருந்தார்கள். கதைகளில் பாதி அவர்களுடையவை என்பதால், தங்கள் பாட்டு வரும்போது அவர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

பதிவில் கேட்பதைவிட நேரில் அவர் குரல் உலர்ந்தது. பாட்டுகளுக்கு அது பொருந்தியது. நான்காவது பாட்டில் கிற்றார்த் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி அடித்து, பம்பி இயங்கும் சத்தத்தை எழுப்பினார். சனம் சிரித்தது. சிரிப்பு அடங்க முன்னரே அந்தப் பாட்டில் ஒருவர் இறந்துபோனார். பெரிய மேடைகளில் பெரிய ஆட்களிடம் நான் கேட்ட எதற்கும் இது குறைந்ததில்லை. இதை எழுதுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, இந்தத் தடவை நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

ஆறாவதாகச் சைக்கிள் பாட்டு. சிவப்புத் துணி மூன்று தடவையும் வந்தது. கை தட்டினார்கள்.

முடிந்ததும் பிளேன்ரீயும் பிஸ்கற்றும் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மற்றவர்கள் பாராட்டிவிட்டு விலகும்வரை பொறுத்து நின்று யோகாவிடம் வந்தார். துணுக்காயில் இருப்பதாகச் சொன்னார்.

“பாட்டு நல்லாயிருந்தது, பிள்ளை. ஆனா ஒண்டு பிழை.”

“என்னம்மா பிழை?”

“எனக்குத் தெரிஞ்ச சைக்கிளெண்டால் அதிலை சிவப்புத் துணி இல்லை. வலக்கைப் பிடியின்ரை றப்பர் கழண்டு போட்டுது. மகளின்ரை பள்ளிக்கூட ரையை, கழுத்திலை கட்டுறதை, நான்தான் சுத்தி விட்டனான்.”

யோகா கோப்பையை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். முதல்நாள் சாரத்துக்குக் கீழே நான் பார்த்தது வெளிறிப்போன ஒரு பள்ளிக்கூட ரை, வலக்கைப் பிடியில் மட்டும்.

யோகா உடனே தியாகராசாவுக்குத் தொலைபேசி எடுத்து, கைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டார். யார் கதைப்பது, ஏன் என்று சொன்னார்.

“என்ன நிறம், அம்மா?” என்றது தியாகராசாவின் குரல்.

“நீலம். மஞ்சள் கோடு.”

அந்தப் பக்கம் பம்பி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்துவது கேட்டது.

“அண்டைக்கு நீங்கள் எத்தினை பேர்?”

“மூண்டு பேர். நான், இவர், மகள். தண்ணி எடுக்கப் போட்டு வந்து பாத்தால் மூட்டை இருக்கு, சைக்கிள் இல்லை.”

“எத்தினை பேர் வந்து சேந்தனியள்?”

அவர் எதற்காகக் கேட்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். கைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

“மூண்டு பேரும்தான், அண்ணை. இவர் மகளைத் தோளிலை வைச்சுக்கொண்டு வந்தவர். அவள் இப்ப வவுனியாவிலை படிப்பிக்கிறாள்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று யோகா திரையைப் பார்த்தார். பிறகு தியாகராசா மூக்கை உறிஞ்சினார்.

“பின்சில்லிலை காத்துக் கொஞ்சம் குறைவாக் கிடக்கு” என்றார். “அடிச்சு வைக்கிறன். நாளைக்கு வாங்கோ.”

வவுனியா, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12.40

கொழும்பு பஸ் ஒரு மணிக்கு. மல்லாவியை விட்டு வரும்போது, இனிச் சிவப்புத் துணியை மாற்றி உண்மையைப் பாடலாமே என்று யோகாவிடம் கேட்டிருந்தேன். அது இனி அந்தப் பெண்ணின் மகளின் கதையும் அல்லவா, அவருக்கு முன் பாடிக் காட்டி ஓம் வாங்க வேண்டும் என்றார். இந்தக் கட்டுரையைக்கூட அவர்கள் எல்லோரும் ஓம் என்ற பிறகுதான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வெள்ளவத்தைப் பக்கத்தில் கச்சேரி முடிந்தால் பாடகரிடம் “அருமை” என்று சொல்லிவிட்டு வாகனத்தைத் தேடிப் போவோம். இருபது வருடமாக நானும் அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதி வந்திருக்கிறேன். பாட்டில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்வதற்காகத் தேநீர் ஆறும்வரை காத்து நின்ற ஒருவரை நான் பார்த்தது மல்லாவியில்தான்.

பஸ் புறப்படும் நேரம் யோகாவிடமிருந்து ஒரு படம் வந்தது. உருத்திரபுரத்து முற்றம். தியாகராசா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அந்தப் பெண்ணும் கணவரும், அவர்களுக்கு நடுவில் சேலை உடுத்த ஒரு இளம் பெண். படத்தைப் பெரிதாக்கிக் கைபிடியைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. ரை அந்த மகளின் கையில் இருந்தது.