மரகதம் கேட்ட கேள்வி

மரகதம் போயிட்டா.

செவ்வாய்க்கிழமை காலையில, தூக்கத்துலயே... அவ தம்பி மக ராசிபுரத்துல இருந்து வாட்ஸ்அப்ல போட்டிருந்தா. நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு.

வயசு தொண்ணூத்தி ரெண்டு. நல்ல சாவுன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் நல்லா இல்லை.

உங்கள்ல யாருக்கும் அவளைத் தெரியாது. அவளைச் சின்ன வயசுல பார்த்தவங்கள்ல மிச்சம் நான் ஒருத்திதான். அதான் இந்த குரூப்ல எழுதறேன்.

ரெண்டு பேரும் ஒரே பேட்ச் நர்ஸ். வெள்ளைக்காரன் போன அடுத்த வருஷம், ராசிபுரம் பக்கத்துல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பின்னாடி, மனசு சரியில்லாத பொம்பளைங்களுக்குன்னு எட்டுக் கட்டில் போட்ட ஒரு வார்டு. (பைத்தியக்கார வார்டுன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. மரகதம் காதுல விழுந்தா தொலைஞ்சாங்க.) அங்க போக யாருக்கும் இஷ்டமில்லை, எங்களைத் தள்ளி விட்டாங்க.

அப்ப இந்த மாத்திரையெல்லாம் ஏது... தூங்க வைக்க ஒரு மருந்து இருந்துச்சு, நாத்தம் குடலைப் புடுங்கும். மத்தபடி எங்க கண்ணும் வாயும்தான் வைத்தியம்.

பாவாயின்னு ஒருத்தி. நாமகிரிப்பேட்டைப் பக்கம், மஞ்சக்காட்டுக்காரங்க. மூணாவது குழந்தையும் தங்கலை. ஒரு மாசமா செவுத்தைப் பார்த்தே படுத்திருந்தா, சோறு ஊட்டினா துப்பிருவா.

ஒரு நாள் காலையில எந்திரிச்சு தலைக்குக் குளிச்சா. சிரிச்சா. ரெண்டு தட்டு சோறு தின்னா. அவ அம்மா கொண்டாந்த புதுச் சேலையை ஆயாகிட்ட நீட்டி, "நீயே கட்டிக்க சாமி, எனக்கெதுக்கு"ன்னா.

எனக்கு சந்தோஷம் தாங்கலை. என் கைராசின்னு நெனப்பு வேற! ரிப்போர்ட் புக்குல இங்கிலீஷ்ல எழுதினேன்... சியர்ஃபுல். ஏட் வெல். நோ கம்ப்ளெயின்ட்ஸ். சந்தோஷமா இருக்கா, நல்லா சாப்பிட்டா, ஒரு குறையும் இல்லைன்னு.

மத்தியானம் டூட்டி மாத்த மரகதம் வந்து அதைப் படிச்சா. "புதுச் சேலையைக் கூட ஆயாவுக்குக் குடுத்துட்டா புள்ளே"ன்னு நான் பெருமையா சொன்னேன்.

அவ புக்கை மூடி வெச்சுட்டு நேராப் போயி பாவாயி கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தா.

"பாவாயி... சாகோணும்னு இருக்குதா அம்மிணி?"

எனக்கு உசுரே போச்சு. அப்படி வாயைத் தொறந்து கேக்கவே கூடாது, கேட்டா இல்லாத நெனப்பை நாமளே கிளப்பி விட்டுருவோம்னு எல்லாரும் நம்பிட்டிருந்த காலம். ஓடிப்போயி அவ கையைப் புடிச்சு இழுத்தேன். அவ நகரலை.

பாவாயி சிரிச்சுட்டே இருந்தா. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்னுச்சு.

"ஆமாங்க நர்சம்மா... இன்னிக்குத்தானுங்க. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

மரகதம் ஐயோன்னு கத்தலை. அப்படிச் சொல்லாதேன்னும் சொல்லலை. "எத்தனை நாளா சாமி?"ன்னு கேட்டா. ஒரு மாசம் பேசாததையெல்லாம் அந்தப் பொம்பளை பேசித் தீர்த்தா.

பாவாயி கையைப் புடிச்சபடியே மரகதம் என் பக்கம் திரும்பினா. "டாக்டரைக் கூட்டிட்டு வா. இவளைத் தனியா விடக்கூடாது, கூடவே ஒருத்தர் இருக்கோணும்னு புக்குல எழுது."

எழுதினேன். என் சியர்ஃபுல்லுக்குக் கீழேயே எழுதினேன். அதுக்காக அவ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லை, அன்னிக்கும் சரி, அப்புறமும் சரி.

பாவாயி பொழைச்சுக்கிட்டா. ஒவ்வொரு பொங்கலுக்கும் மஞ்சக்கொத்து கொண்டாந்து குடுப்பா... மரகதத்துக்கு மட்டும். எனக்குக் கிடையாது!

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு, சேலத்துக்கு வேலை மாத்திக்கிட்டு வந்துட்டேன். மரகதம் கல்யாணமே பண்ணிக்கலை. ராசிபுரத்துல ஒத்தை ரூம்லயே காலத்தை ஓட்டிட்டா.

எங்க ஊட்டுக்காரர் போனப்ப எனக்கு எண்பது. சேலத்துல, இந்தக் கொண்டப்பநாயக்கன்பட்டி ஊட்டுல நான் மட்டும். வந்தவங்க எல்லாம் சாப்டீங்களா, தைரியமா இருங்கன்னாங்க. நானும் தைரியமாத்தான் இருந்தேன்.

ஒரு நாள் மரகதத்துக்கு போன் போட்டேன். "பட்டுச்சேலை எல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன் புள்ளே, பீரோவே காலி. மனசு லேசாயிருச்சு"ன்னு சிரிச்சேன்.

பேச்சை அங்கேயே நிறுத்தி அவ கேட்டா...

"ஏம்புள்ளே, சாகோணும்னு இருக்குதா?"

அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவ நான். என் நெலமை எனக்கே தெரியலை பாருங்க. ஆமான்னு சொல்லிட்டு ஓன்னு அழுதேன்.

அடுத்த நாள் காலையில பஸ் ஏறி வந்துட்டா, அந்த வயசுல, ஒரு வயர்கூடையோட. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஒரு மாசம் இருந்தா. சமைக்க மாட்டா, ஆறுதலும் சொல்ல மாட்டா. பக்கத்துல உக்காந்துக்குவா, நான் பேசினா கேப்பா.

அவ திரும்பிப் போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை நாலு மணின்னா போன் வரும். "எப்படி இருக்கே? நெஜத்தைச் சொல்லு புள்ளே." நல்லாருக்கேன்னு சொன்னா விட மாட்டா. முட்டி வலி, பையன் போன் பண்ணாதது, பக்கத்து ஊட்டுக்காரி தண்ணிச் சண்டை... எல்லாத்தையும் கொட்டிட்டு வெச்சுருவேன்.

அவளும் தனியாத்தானே இருந்தா.

பன்னெண்டு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை கூட நான் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை. தோணவே இல்லை... இவளுக்கென்ன, இவ மரகதமாச்சேன்னு இருந்துட்டேன். என் புக்குல அவளும் நோ கம்ப்ளெயின்ட்ஸ்.

இன்னிக்கு ஞாயிறு. பழக்கதோஷம், நாலு மணிக்கு போனை மடியில வெச்சுட்டு உக்காந்துட்டேன். நாலேகாலுக்கு நானே அவ நம்பருக்கு அடிச்சேன். ரிங் போச்சு... முழுசாப் போச்சு.

எப்படி இருந்தே மரகதம்? நெஜத்தைச் சொல்லு புள்ளே.