உலோமாவைக் கூட்டிப்போன ஆள்

எங்கள் உமுகாலு ஊரில் ஒரு பெண் கோயில் மாறினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. யார் என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை கத்தோலிக்கர் என்றால் கல்யாணத்தோடு அவளும் கத்தோலிக்கம். மாப்பிள்ளை ஆங்கிலிக்கன் என்றால் இவளும் ஆங்கிலிக்கன். பழைய கோயிலைப் பிறந்த வீட்டோடு விட்டுவிட்டு வர வேண்டியதுதான். தாய்மார் சங்கம் வாசல்வரை வந்து பாட்டுப் பாடி அனுப்பிவைக்கும். அழுவதற்குக்கூட யாருக்கும் நேரமிருக்காது.

இந்த ஒழுங்கைக் கலைத்துப் போட்டவள் என் ஓரகத்தி உலோமா. என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒகேசியின் மனைவி. ஐம்பதைத் தாண்டியவள், பேரன் பேத்தி எடுத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள். எங்கள் ஆங்கிலிக்கன் கோயிலில் தாய்மார் சங்கத்தின் முன்வரிசை. ஒருநாள் என் அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டை ஆய்ந்துகொண்டே, கத்தோலிக்கத்தில் சேரப்போவதாகச் சொன்னாள்.

"யாருக்கா அந்த ஆளு?" என்றேன். வேறு என்ன கேட்பேன்?

கையிலிருந்த மீனை முறத்தில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குமா அகுடியா, வேற கேள்வி வரல?"

அவளுக்கு ஓரியே சந்தையில் கடை. கூனி இறாலும் கருவாடும் விற்பாள். சந்தையை ஒட்டியே கத்தோலிக்கக் கோயில். எங்கள் கோயிலை ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆர்மோனியத்தைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். அவர்கள் கோயில் எந்நேரமும் திறந்தே கிடக்கும். உச்சி வெயிலில் தலை சுற்றிய ஒரு நாள், நிழலுக்காக உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மீன் வாடைக்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சந்தை நாளிலும் கொஞ்ச நேரம் அங்கே போய் உட்காருவது பழக்கமாகிவிட்டது.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அங்கே இறந்தவர்களுக்கான பூசை நடந்தது. செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் மொத்தமும் மன்றாடியது. உலோமா கடைசிப் பெஞ்சில் எழுந்து நின்றுவிட்டாளாம்.

அது ஏன் அவள் மனசில் தைத்தது என்று எனக்குத் தெரியும். ஒகேசி நல்ல மனுஷன், ஆனால் முன்கோபி. கூடப்பிறந்த தங்கையோடு ஒரு தென்னந்தோப்புத் தகராறு. அவள் வாசலுக்கு வந்து கெஞ்சியும் முகம் கொடுக்காமல், மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தான். அந்தக் கோபத்தோடு அவன் எங்கே நிற்கிறானோ என்ற கவலை உலோமாவை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் போதகரிடம் போய் அவனுக்காக ஒரு செபம் வைக்கக் கேட்டாள். அவர் தங்கமான மனுஷர். செத்தவர்களின் வழக்கு கடவுளிடம் முடிந்துவிட்டது, இனி நாம் செய்ய ஒன்றுமில்லை என்று வசனம் எடுத்துக் காட்டி ஆறுதலாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும் ஐயா, எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்காக உடனே அந்தப் பக்கம் ஓடிவிடவில்லை. உலோமா மீன் வாங்கினாலே செவுளைத் தூக்கிப் பார்த்துதான் வாங்குவாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பங்குச் சாமியாரைப் போட்டு வறுத்தெடுத்தாள். மாதாவிடம் எதற்குக் கேட்க வேண்டும், நேரே மகனிடமே கேட்டால் ஆகாதா? என் மகன் வயதுள்ள பையனிடம் என் பாவத்தை ஏன் சொல்ல வேண்டும்? சாமியார் இளவயது, பொறுமைசாலி. சிலதற்குப் பதில் சொன்னார். சிலதற்குத் தலையைச் சொறிந்தார். முதல் நாளே அவள் கேட்டது, என் அப்பா எனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று. அவள் அப்பா ஆங்கிலிக்கன் சபையில் ஊழியக்காரர். செல்லாது என்று சொல்லியிருந்தால் அப்போதே மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். செல்லும், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டோம் என்று சாமியார் சொன்னார். அதனால்தான் அடுத்த கேள்விக்கே போனாள்.

ஊர் இதையெல்லாம் கேட்குமா? ஊருக்கு ஆள் வேண்டும். அந்தக் கோயில் உபதேசியார் ஒசோண்டுவே முதலில் ஞானோபதேச வகுப்பில் அவளை, கல்யாணத்துக்காக மாற வந்த பெண்களோடு உட்காரவைத்துவிட்டார். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் சிரித்துக்கொண்டு இருக்கிற வரிசையில் இவளும். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை கிடையாது என்றதும், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னால் போதும் அம்மா என்று காதைக் கொண்டுவந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்திலும் தேடல் மும்முரமாக நடந்தது. தாய்மார் சங்கத் தலைவி வர்ஜினியா அம்மாள் தேடிய தேடலில் ஒரு கொலைகாரனே அகப்பட்டிருப்பான். சந்தையில் உலோமா யாரிடம் சிரித்தாள், யாருக்குக் கூடுதலாக ஒரு பிடி கூனி போட்டாள் என்று எல்லாம் விசாரித்து, கடைசியில் பனை எண்ணெய் வியாபாரி இரோண்டியின் தலையில் கொண்டுபோய் முடித்தாள். அவர் கத்தோலிக்கர், பெண்டாட்டி இல்லாதவர், கருவாட்டில் பிரியமுள்ளவர். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால் அந்த வதந்தியை இரோண்டியும் நம்பிவிட்டார். ஊரே சொல்லும்போது தனக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா என்று நினைத்திருக்க வேண்டும். சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு, பெண் கேட்கிற முறைப்படி கோலாக்கொட்டையும் ஒரு குடம் கள்ளும் எடுத்துக்கொண்டு, இரண்டு சிநேகிதர்களோடு எங்கள் குடும்ப வீடுகள் இருக்கிற வளவுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் திகைத்துப்போய் நாற்காலி போட்டார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

உலோமா வந்து, குடத்தைப் பார்த்து, அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, கள்ளு நல்லாருக்கும் போல. இருந்து குடிச்சிட்டுப் போங்க. வேற எதுக்கும் வந்திருந்தீங்கன்னா மன்னிச்சுக்குங்க."

அண்ணே என்ற சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் பெரிய மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் குடத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். கல்யாணம் எல்லாம் வேண்டாம். ஊருக்கு ஒரு பெயர் கிடைத்தால் வாயை மூடிக்கொள்ளும். என் பெயரைச் சொல்லிக்கொள், நான் மறுக்க மாட்டேன். அப்புறம் நாள் போகப் போக எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உண்மையில் அது நல்ல யோசனை. நானாக இருந்தால் அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"என் சாமிகிட்ட நான் போறதுக்கு உங்க பேரு எதுக்குண்ணே?" என்றாள் உலோமா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். தன் பெயரில், தன் வாயால் சொல்லி, உள்ளே போக வேண்டும். இன்னாரின் மனைவி, இன்னாருக்கு வரப்போகிறவள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்கு ஊர் தயாராக இல்லை. கத்தோலிக்கக் கோயிலும் தயாராக இல்லை.

அடுத்து எங்கள் குடும்ப ஆண்கள் கூட்டம் போட்டார்கள். ஒகேசியின் தம்பிமார், பங்காளிகள் எல்லோரும் மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பேசக் கூடாத கூட்டம், ஆனால் உலோமாவை நிற்கவைத்துப் பேசினார்கள். ஆள் இருந்தால் சொல், மரியாதையாக அனுப்பிவைக்கிறோம் என்றார் பெரியவர் ஒருவர். ஆள் இல்லை என்றால், இந்த வளவில் ஆங்கிலிக்கனாகவே இரு. இரண்டும் மாட்டேன் என்றால் கேட்டுக்கொள். நாளைக்கு நீ செத்தால் எந்தக் கத்தோலிக்கச் சாமியாரும் இந்த வாசலை மிதிக்க முடியாது. ஒகேசி பக்கத்தில் உனக்கு இடமும் கிடையாது.

எங்களில் செத்தவர்களை வளவிலேயே புதைப்பது வழக்கம். ஒகேசியின் கல்லறைக்குப் பக்கத்தில் அந்த இடத்தை அவளே சாணம் போட்டு மெழுகி, புல் முளைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பங்காளிகள் அத்தனை பேர் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் என்ன உசத்தி? வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு உப்பில்லாத குழம்புதான்.

உலோமா அந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் அவரோட வாழ்ந்தவ. செத்தப்புறம் பக்கத்துல படுத்தாத்தான் பொண்டாட்டியா? இடம் குடுக்கலன்னா சந்தைத் திடல்ல தூக்கிப் போடுங்க. அவருக்காக நான் வேண்டிக்கிறத மட்டும் உங்க யாராலயும் நிறுத்த முடியாது."

சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லும் முன்பே திரும்பி நடந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு அக்கா இந்தப் பிடிவாதம், எல்லோரும் ஒரே ஏசுவைத்தானே கும்பிடுகிறோம், நான்கூட மாறினவள்தானே என்றேன். நான் பிறந்தது கத்தோலிக்க வீட்டில். செபமாலை சொல்லி வளர்ந்தவள். கல்யாணம் ஆன அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலிக்கன் கோயிலில் நின்றேன், அவ்வளவுதான்.

"நீ மாறின. உன்ன யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, மாமனாரும் கேட்கவில்லை, இரண்டு சாமியார்களும் கேட்கவில்லை. நானும்கூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள்மேல் வந்ததா வேறு யார்மேல் வந்ததா என்று தெரியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

வர்ஜினியா அம்மாள் நான்கு பேரோடு வந்து சங்கத்துச் சேலைத் துணியையும் பட்டையையும் திருப்பிக் கேட்டாள். உலோமா துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருந்தாள். வந்தவர்களுக்குக் காய்ந்த மரவள்ளிச் சீவலை ஊறவைத்து உப்பும் எண்ணெயும் போட்டுக் கொடுத்தாள். அவர்களும் சாப்பிட்டார்கள். போகும்போது வர்ஜினியா அம்மாள், இப்போதாவது சொல்லிவிடு, நாங்கள் பாட்டுப் பாடி அனுப்புகிறோம் என்று கேட்டாள். அவள் குரலில் கெஞ்சல் இருந்ததைச் சொல்லாவிட்டால் பாவம். பாட்டில்லாமல் ஒருத்தியை அனுப்புவது அந்த அம்மாளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உலோமா சிரித்துவிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அவளைச் சேர்த்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் கோயிலுக்குப் போவதாகக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி, சங்க உடுப்போடேயே கத்தோலிக்கக் கோயிலின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பிறந்ததிலிருந்து பழகிய கோயில், எந்தத் தூண் பக்கம் காற்று வரும் என்றுகூட எனக்குத் தெரியும்.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருகிற பெண்ணைப் பீடத்துக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்துவது புருஷனோ, புருஷனாகப் போகிறவனோ. சாமியார் கேட்பார், இவரை யார் அழைத்து வந்தது என்று. அவன், நான் என்பான். கூட்டம் கை தட்டும். உலோமாவுக்கு ஆள் இல்லையே என்று உபதேசியார் ஒசோண்டுவுக்குத் தூக்கம் போயிருக்கிறது. பூசைக்கு முன்னால் போய் இரோண்டியிடம், சும்மா ஒரு மரியாதைக்கு எழுந்து நின்றுவிடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

உலோமா தனியாக நடந்து போய் முன்னால் நின்றாள். வெள்ளைத் துணி, வெள்ளைத் தலைக்கட்டு. சாமியார் புத்தகத்தைப் பிரித்து, வழக்கம்போலக் கேட்டார்.

"இவரை அழைத்து வந்தவர் யார்?"

ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. இரோண்டி பாதி எழுந்துவிட்டார். உலோமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்கண்ணே."

அவர் உட்கார்ந்தார். கோயிலில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

"என்ன யாரும் கூட்டிட்டு வரல ஃபாதர்" என்றாள் உலோமா. சந்தையில் விலை சொல்கிற குரல் அது, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்டது. "ஆம்பளைக்காக வரல. யாரும் பிடிச்சுத் தள்ளியும் வரல. ஒரு வருஷமா யோசிச்சேன், சண்டை போட்டேன், நானே வந்தேன். இதுக்குமேலயும் ஒரு ஆளு பேரு வேணும்னா, எம் பேரு உலோமா. அதையே எழுதிக்குங்க."

உபதேசியார் முகத்தை மூடிக்கொண்டார். சாமியார் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் அவள் தலைமேல் வைத்தார்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று சொன்னால் பொய். பொறாமையில் அழுதேன். அவள் நின்ற அதே இடத்திலிருந்துதான் என் அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் இன்னொரு கோயிலுக்குக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விஷயம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. வர்ஜினியா அம்மாள் என் வாசலில் காத்திருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"சங்கத்து உடுப்போட அங்க போய் உக்காந்திருக்க. நீயும் அவ பின்னாடியே போயிடுவியா?" என்றாள்.

"அவ பின்னாடி எதுக்கும்மா போகணும்?" என்றேன். "இருக்கறதா போறதான்னு இன்னும் நான் முடிவு பண்ணல. ஆனா இந்தத் தடவ நான்தான் முடிவு பண்ணுவேன்."

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.