டேங்கரில் வந்த மழை

எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போவார்கள். போன கோடையில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சும்மா விடுவேனா? ஆளுக்கொரு கார் கிடையாது, எல்லோருக்கும் ஒரே பஸ். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, அவரவர் வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில். சாப்பாடு வாழை இலையில். ‘போகும் ஊருக்குப் பாரமாக இருக்க மாட்டோம்’ என்று வெள்ளைத் துணியில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நானே பெயின்டால் எழுதி, பஸ்ஸின் முகப்பில் கட்டினேன். டீம் லீடருக்கு வாயெல்லாம் பல்.

அன்று காலை கிளம்பும்போதே எனக்கு மனசில்லை. பெங்களூரின் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நின்று நாளாகிவிட்டது. எல்லாம் டேங்கர்தான். முதல் நாள் வரவேண்டிய லாரியும் வரவில்லை. பிரசவத்துக்கு வந்த தங்கச்சி பச்சைக் குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தையின் துணிகள் ஒரு வாளி நிறையச் சேர்ந்து நாறிக்கொண்டிருந்தன.

“நீ போய்ட்டு வா. லாரி வந்துடும், நான் பிடிச்சு வெச்சுக்கறேன்” என்றாள் அம்மா.

ரிசார்ட் ஓசூர் ரோட்டில், அத்திபெலேயைத் தாண்டி இருந்தது. போனதும் மரக்கன்று நட்டோம், கைதட்டிக்கொண்டோம், இலையில் சாப்பிட்டோம். அதன்பிறகு ‘ரெயின் டான்ஸ்’ என்று அறிவித்தார்கள். பெங்களூர் ஆபீஸ் கூட்டம் எந்த ரிசார்ட்டுக்குப் போனாலும் இது இல்லாமல் திரும்பாது. தலைக்கு மேல் ஓட்டை போட்ட குழாய்கள், மோட்டாரைப் போட்டால் மழை, கீழே பாட்டும் ஆட்டமும். நான் திட்டத்திலிருந்து அடித்த ஒரே விஷயம் அதுதான். டீம் லீடர் எனக்குத் தெரியாமல் மறுபடியும் சேர்த்திருந்தார்.

“அது இல்லேன்னா பசங்க வரமாட்டாங்க மேடம்.”

பசங்கள் என்றால், முன்வழுக்கை விழ ஆரம்பித்த இன்ஜினியர்கள். காலையில் வீட்டில் அரை வாளியில் குளித்துவிட்டு வந்தவர்கள்.

அந்நேரம் அம்மா போன் செய்தாள். “லாரி இன்னும் வரலடி. குழந்தை மறுபடியும் துணியிலயே வெளிக்குப் போய்ட்டான். மாத்தத் துணி இல்ல, என் பழைய புடவையக் கிழிச்சுட்டேன்.”

டேங்கர்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டே சத்தத்துக்குத் தப்பி ரிசார்ட்டின் பின்பக்கம் போனேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பச்சைப் பெயின்ட், நசுங்கிய பம்பர், எங்கள் தெரு லாரி அங்கே நின்று நிலத்தொட்டிக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார்.

“எங்க தெருவுக்கு ஏன் வரல?”

“நாங்க தண்ணி புடிக்கற போர்வெல் இங்க பக்கத்துலதான்கா. இன்னிக்கு ஏதோ கம்பெனி பார்ட்டியாம், ஆட்டத்துக்குத் தண்ணி வேணும்னாங்க. நேத்து லோடும் இவங்க தொட்டியக் கழுவறதுக்கே போச்சு. இங்க முடிச்சுட்டு அப்புறம் அங்க போன்னுட்டாரு முதலாளி.”

அந்தக் கம்பெனி நாங்கள்தான். “மூடுங்க வால்வை!” என்று கத்தினேன்.

ரிசார்ட் சூப்பர்வைசர் ஓடிவந்தார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்.” கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்; இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். யார் அட்ஜஸ்ட் பண்ணுவது, பச்சைக் குழந்தையா? பின்னாலேயே டீம் லீடர் வந்தார்.

“பிளாஸ்டிக் இல்லாம ஒரே பஸ்ல வந்திருக்கோம், அதுவே பெரிய விஷயம். இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே.”

“பஸ்ல மிச்சம் பிடிச்சு இங்க கொட்டறதுக்குப் பேரு பொறுப்பா சார்? வீட்ல குழந்தையக் கழுவத் தண்ணியில்ல. அந்தத் தண்ணியில நீங்க ஆடுவீங்களா?”

பாட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் வந்து நின்றார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களில் நாலைந்து பேர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களுக்கும் இதே லாரிதான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

டிரைவர்தான் கடைசியில் வால்வை மூடினார். பாதித் தண்ணீர் உள்ளே போயிருந்தது. மீதியோடு நானும் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். ஓசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது தெருவே குடங்களோடு நின்றது. நான் டேங்கரிலிருந்து இறங்கியதும் அம்மா முதல் குடத்தை வாங்கிக் குழந்தைத் துணியை ஊறப் போட்டாள்.

இருட்டுவதற்குள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. தொட்டியில் இறங்கியிருந்த பாதித் தண்ணீரில் ஆடியிருக்கிறார்கள். சொட்டச் சொட்ட நனைந்து, நான் எழுதிய துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

‘நீங்க நனைஞ்சது எங்க தெருத் தண்ணி’ என்று படத்துக்குக் கீழே எழுதினேன்.

டீம் லீடர் அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.