மல்சுன் அத்தை ஜாடியை உருட்டிய நாள்

இதுவரை ஸ்டீயரிங் பிடித்த மனிதர்களில் எங்கள் மல்சுன் அத்தைக்கு மேல் ஒருவரும் இல்லை. அவர் பிரேக்கை மிதித்தால் புசான் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களெல்லாம் ஒரு தடவை முன்னால் சாய்ந்து பின்னால் வரும். அவர் ஹாரன் அடித்தால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்காரன் ஒதுங்கி வழி விடுவான். எங்கள் மலையில் பிறக்கும் குழந்தை முதலில் கற்கும் சொல் 'அம்மா' இல்லை, 'பிடிச்சுக்கோ'. இதில் பாதியாவது உண்மை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் சொல்வதில் பாதி உண்மை இருந்தாலே அதிகம்.

முழுப் பெயர் போங் மல்சுன். வயது ஐம்பத்தாறு. மலைமேல் ஏறி இறங்கும் ஒரே மினிபஸ்ஸை பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறார். வெள்ளைக் கையுறை, சுருட்டி வைத்த முடி, பின்னால் உட்காருபவனின் பல்லில் ஒட்டிய கீரையைக்கூடக் காட்டிவிடுகிற பின்பக்கக் கண்ணாடி. கணவர், மலை ஏற மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டு, சமதளத்தில் வேறொரு பெண்ணோடு குடியேறிவிட்டார். அத்தை அழவில்லை என்று சொல்கிறார்கள். அடுத்த வாரமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாராம்.

ஒரு தடவை நான் அவர் பஸ்ஸின் பம்பரில் ஒரு காய்ந்த மீனைக் கட்டிவிட்டேன். மூன்று நடை அது ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போனது. அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு மீன் சூப் கொடுத்தனுப்பினார். நான் இரண்டு கிண்ணம் குடித்து முடித்த பிறகுதான் அது எந்த மீன் என்று சொல்லியனுப்பினார்.

எங்கள் மலையில் வீடுகள் படிக்கட்டு மாதிரி இருக்கும். அத்தை வீட்டு மொட்டை மாடியும் எங்கள் வீட்டு வாசலும் ஒரே மட்டம். நடுவில் இடுப்பளவு சுவர். எல்லா மாடியும் பச்சை, எல்லாமே தண்ணீர் இறங்காமல் இருக்க அடித்த பெயிண்ட். எல்லா மாடியிலும் சோயா விழுதும் மிளகாய் விழுதும் ஊறும் மண் ஜாடிகள். அத்தையிடம் பதினொன்று. பெரியது ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி.

போன வருஷ மழைக்காலத்தில் அந்த மாடி ஒழுகியது. கீழே உள்ள அறையின் கூரையில் ஒட்டியிருந்த காகிதம் தண்ணீர் பிடித்து, எட்டு மாத வயிறு மாதிரி தொங்கியது. அத்தை ஊசியால் குத்தி வாளியில் பிடித்தார். அப்போது அவர் தனி ஆள், சிரித்துக்கொண்டே செய்தார். இந்த வருஷம் அப்படி முடியாது. மகள் அராம் சியோலில் நிஜமாகவே எட்டு மாதம். மூன்று வருஷம் அம்மாவோடு பேசாமல் இருந்தவள், பிள்ளை பெற்றதும் அம்மா வீட்டுக்கே வருகிறேன் என்று ஒரே ஒரு போன் போட்டிருந்தாள். இருப்பது அந்த ஒரு அறைதான். பச்சைக் குழந்தையை ஒழுகும் கூரைக்குக் கீழே படுக்கவைத்தால், அராம் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவாள், அப்புறம் வரவே மாட்டாள். அத்தை இதை யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் பதினாறு பேருக்கும் தெரிந்திருந்தது.

அதனால்தான் ஹ்யோன் தல்சூ வந்தான். மலையடிவாரத்தில் பெயிண்ட் கடை; எங்கள் மலையின் பாதி மாடிகள் அவன் கைவண்ணம்.

"முதலாளியம்மா, அடிப்பூச்சு ஒண்ணு, நடுப்பூச்சு கெட்டியா ஒண்ணு, மேல்பூச்சு ஒண்ணு. மூணு நாள் வேலை. பத்து வருஷத்துக்கு மாடிய மறந்துடுங்க."

"ஜாடிங்க?"

"எல்லாத்தையும் தூக்கி வெச்சுட்டு அடிச்சாத்தானே வேலை."

அத்தை விடியற்காலையில், விழுதில் வெயில் படட்டும் என்று ஜாடி மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார். தல்சூ மதியம் பன்னிரண்டுக்கு வந்தான். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டான். அவன் சொன்ன மூன்று நாள் எங்கள் ஊர்க் கடிகாரத்தில் மூன்று மணி நேரம்.

நான் இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் நான் சுவர் தாண்டி அந்த மாடியில் குதித்தேன். ஈரப் பெயிண்டைப் பார்த்ததும் விரல் அரித்தது. அத்தை பஸ் ஓட்டுவதைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பெரிசாக எழுதலாம் என்று போனேன். அதற்குள் தூறல் விழுந்தது, ஓடி வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்துப் பெரிய மழை. கூரைக் காகிதத்துக்கு மறுபடியும் வயிறு வந்துவிட்டது.

அத்தை போன் செய்தார். தல்சூ பிடிகொடுக்கவில்லை. நூறு தடவை செய்தால் நூறு தடவையும் வெளியூர் வேலை என்றான். அத்தை அப்புறம் போன் செய்யவில்லை. அவரிடம் பஸ் இருந்தது. ஒவ்வொரு நடையிலும் தல்சூ கடை வாசலில் நிறுத்தி, ஹாரனை மூன்று தடவை அழுத்தி, பயணிகளைப் பார்த்து நிதானமாகச் சொல்வார்: "இடது பக்கம் பாருங்க. மூணு பூச்ச ஒரே பூச்சா அடிக்கிற முதலாளி கடை. வீடு ஒழுகணும்னு ஆசைப்படறவங்க இங்க இறங்கலாம்."

ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. இரண்டாம் நாள் தல்சூ கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். மூன்றாம் நாள் அவனே பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, மாடியைப் பார்க்கிறேன் என்றான்.

மாடிக்கு வந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பச்சைப் பெயிண்டில் செருப்புத் தடம். சுவரிலிருந்து ஜாடிகள் வரைக்கும், ஜாடிகளைச் சுற்றி, மறுபடி சுவர் வரைக்கும்.

"பாத்தீங்களா முதலாளியம்மா. காயறதுக்குள்ள யாரோ ஏறி மிதிச்சிருக்கான். படலம் கிழிஞ்சுபோச்சு. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். என் செருப்பை மெதுவாகக் கழற்றிப் பின்னால் தள்ளினேன். என் ஒரு பொறுக்கித்தனம் அந்த அயோக்கியனைக் காப்பாற்றப் போகிறது.

அத்தை தடத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேப்பர் கப்பில் அவனுக்குக் காபி கொடுத்தார்.

"பாவம், நல்லாத்தான் உழைச்சிருக்கீங்க. ஜாடியெல்லாம் தூக்கினீங்களா?"

"பின்ன? பதினொண்ணும். என் இடுப்பே போச்சு."

"பெரிசையுமா?"

"அதைத்தான் மொதல்ல தூக்கினேன்."

"அப்ப மறுபடி ஒரு தடவை. அதுக்கு அடியில ஒரு காசு விழுந்துடுச்சு."

தல்சூ ஜாடியைக் கட்டிப்பிடித்தான். அது அசையவில்லை. இன்னொரு பக்கமாகக் கட்டிப்பிடித்தான். மேல் வீட்டு ஜன்னலிலிருந்து, "கல்யாணம் எப்போ?" என்று ஒரு குரல் வந்தது.

"தள்ளுங்க முதலாளி," என்றார் அத்தை. கையுறையை மாட்டிக்கொண்டு, ஜாடியின் வாயைப் பிடித்துச் சாய்த்து, அடி விளிம்பிலேயே ஸ்டீயரிங் திருப்புகிற மாதிரி உருட்டி நகர்த்தினார்.

அடியில் பெயிண்ட் இல்லை. தட்டு வைத்து வரைந்த மாதிரி வட்டமாக வெறும் சிமெண்ட், நடுவில் விரிசல். விரிசலில் குடும்பத்தோடு குடியிருந்த பூரான் எங்களைப் பார்த்துக் கோபித்துக்கொண்டது.

தல்சூ காபியை ஒரு வாய் குடித்தான். "அது... மாடி மூச்சு விடறதுக்கு. எடம் விட்டுத்தான் அடிக்கணும்."

"என் பேரப்பிள்ளை அந்த ஓட்டை வழியா மூச்சு விடணுமா?"

அதற்குள் எதிர் மாடியில் கரகரவென்று ஒரு சத்தம். அங்கே ஒருவர் தன் ஜாடியை உருட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் மாடியில் இன்னொன்று. பிறகு வரிசையாக மலை முழுக்க ஜாடிகள் நகர்கிற சத்தம். எங்கள் ஊரில் யாருமே அடித்து முடித்த பிறகு ஜாடியைத் தூக்கிப் பார்த்ததில்லை. சோயா விழுதை ஆட்டக் கூடாது என்று விட்டுவிடுவோம். அவன் அதை நம்பித்தான் பிழைத்திருக்கிறான்.

"இங்கயும் வட்டம்."

"இங்க ரெண்டு."

"தல்சூ, அங்கயே நில்லு, வரேன்."

தல்சூ அத்தையின் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டான். மலையிலேயே அவனுக்கு அப்போது பாதுகாப்பான இடம் அதுதான். "முதலாளியம்மா, உங்களோடத மொதல்ல முடிச்சுடறேன். என்னைக் கீழ கொண்டுபோய் விடுங்க."

அடுத்த மூன்று நாளும் அவன் நிஜமாகவே வேலை செய்தான். அத்தையால் பஸ்ஸை விட்டு வர முடியாது. அதனால் ஒவ்வொரு பூச்சும் சுவரோரம் ஒரு கையகலம் தெரியும்படி, படிக்கட்டு மாதிரி அடிக்கச் சொன்னார். சாயங்காலம் வந்து படிகளை எண்ணுவார். மூன்று படி வந்ததும் ஜாடிகளை அவனையே ஏற்றவைத்தார். அப்போது அவன் இடுப்பு நிஜமாகவே போனது.

மழைக்காலம் ஆரம்பித்த அன்றே அராம் குழந்தையோடு வந்தாள். ராத்திரி முழுக்க மழை கொட்டியது. கூரைக் காகிதம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி உலர்ந்திருந்தது. குழந்தை தூங்கியது, அராம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப் மூன்று கிண்ணம் குடித்தாள், அத்தை அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் நான் பஸ்ஸில் ஏறினேன். மனசு கேட்கவில்லை. "அத்தை, அந்தச் செருப்புத் தடம் என்னோடது. ஈரப் பெயிண்ட்ல ஒரு கெட்ட வார்த்தை எழுத வந்தேன். மழை வந்துச்சு, ஓடிட்டேன்."

அத்தை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வளைவு வந்தது, பார்வையை எடுக்காமலே திருப்பினார்.

"தெரியும். இடது குதிகால் தேஞ்ச செருப்பு இந்த மலையில ஒண்ணுதான் இருக்கு."

"மன்னிச்சிடுங்க."

"எழுத வந்தவன் எதுக்குடா நேரா ஜாடிகிட்டப் போன?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"காலைல மூடியெல்லாம் தெறந்து வெச்சுட்டுத்தான் போனேன். மழைல திரும்பி வந்தா பதினொண்ணும் மூடியிருக்கு. இந்தத் தடவை தல்சூ மூடினான்னு நெனச்சேன். ஆனா தடம் பெயிண்ட் மேல இருக்கு. அவன் போனப்புறம்தான் எவனோ ஜாடியச் சுத்திச் சுத்தி நடந்திருக்கான்."

"அது காத்து மூடியிருக்கும் அத்தை."

"அஞ்சு வருஷமா, நான் ரோட்டுல இருக்கறப்ப எப்ப மழை வந்தாலும் அந்தக் காத்து வந்துடுது," என்றார் அத்தை, பஸ்ஸில் இருந்த பதினாறு பேருக்கும் கேட்கிற மாதிரி. "செருப்பு போட்ட காத்து."