சுளுக்கு என்று மிதித்தார்கள்

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிய காலத்தில், என் வலது தோள் நினைத்தபோதெல்லாம் நழுவும். காண்டாக்கம்பைத் தோளில் வைத்து, இருபுறமும் பால் வாளிகளைத் தூக்கினாலே போதும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எல்லோரும் அதைச் சுளுக்கு என்றார்கள். சுளுக்கென்றால் கால் முதலில் வெளிவரப் பிறந்தவர்தான் காலால் நீவ வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தோளை மிதித்து நீவி, கையை வெடுக்கென்று இழுப்பார். உயிரே போகும். மறுவாரம் மறுபடி நழுவும்.

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, கங்காணியிடம் என் நிலைமை அதுதான்.

“பசப்பாத. இன்னொரு தடவ தோளப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா, உன் நிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்னப் புல்லு வெட்ட அனுப்பிடுவேன்” என்றார்.

அந்த நிரையின் ஒவ்வொரு மரமும் என் கைக்குப் பழகியது. விடுவேனா? எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் முதலில் தோளைத் தொடவே இல்லை. கட்டைவிரலை மடக்கச் சொன்னார். அது முன்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. முழங்கையை நீட்டச் சொன்னார். பின்பக்கம் வளைந்தது.

“வீட்ல வேற யாருக்கு இப்படி வளையும்?”

“அப்பாவுக்குங்க. திருவிழாவுல வேடிக்கை காட்டுவாரு.”

“இது சுளுக்கு இல்லம்மா. பிறவியிலேயே உன் மூட்டெல்லாம் தளர்வு. இழுக்க இழுக்க இன்னும் தளரும். யாரையும் மிதிக்க விடாத.”

அங்கேயே அழுதுவிட்டேன். நான் பசப்பவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே, அந்த நிம்மதி.

காலையும் மாலையும் சுவரைக் கையால் அழுத்தித் தள்ளச் சொன்னார். வெட்டும்போது முழங்கையை விலாவோடு ஒட்டிவைக்க வேண்டும். வாளியை நிரப்பாமல் இரண்டு நடையாகச் சுமக்க வேண்டும். லயத்தில் சிரித்தார்கள். நீவுகிறவருக்கு மட்டும் வருத்தம்.

“அப்ப என் காலுக்கு வேலை இல்லியா?”

“நடக்கத்தான் இருக்கே, அண்ணே.”

ஆறேழு மாதத்தில் தோள் நழுவுவது அநேகமாக நின்றது. முழங்கை விலாவை விட்டு அசையாததால் என் வெட்டும் மெல்லிசாகி, பட்டையைத் தாண்டி மரத்தில் ஒரு காயம்கூட விழவில்லை. மரம் பார்க்க வந்த துரை என் நிரையில் நின்று தடவிப் பார்த்தார். அந்த வருடம் புதுமரங்களை முதல் வெட்டுக்குத் திறந்தார்கள். அதை நல்ல கைக்குத்தான் கொடுப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி என் முன்னால் வந்து நின்று, “தோளு எப்படி?” என்றார், மெதுவாக.

“தோளு என் பாடு, கங்காணி. புதுமரத்துல எனக்கு எந்த நிரைன்னு சொல்லுங்க.”