டேங்க் மாமாவின் பக்கம்

அம்மா தன் கூடப்பிறந்த தம்பியைப் படகிலிருந்து இறக்கிவிட்டாள் என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அம்மா சொல்ல மாட்டாள். மாமாவால் சொல்ல முடியாது. மிச்சம் நான். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் துறைக்குமாக நடந்துகொண்டிருப்பவள். இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் படகில் எட்டுப் பேர் உட்காரலாம். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், தபால் அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. பதினோரு வருடமாக அம்மாதான் ஆட்களை அக்கரை சேர்க்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். படகில் அம்மாவுக்குத் துணை மாமாதான்.

அம்மா பின்னால் இன்ஜினோடு உட்காருவாள். மாமா நடுப்பலகையில். அந்தப் பலகைக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இன்ஜினுக்குப் போகும். குழாயின் நடுவில், கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்கு, முட்டை மாதிரி ஒரு ரப்பர் பல்ப் இருக்கும். டேங்க், குழாய், பல்ப் எல்லாம் மாமாவின் பக்கம். இன்ஜின் அம்மாவின் பக்கம். இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், பெட்ரோல் ஊற்றின கையோடு அம்மா ஸ்பார்க் வருகிறதா என்று பிளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கை பற்றிக்கொண்டது. மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு மாமாதான் அவள் கையை ஆற்றுக்குள் அமுக்கிப் பிடித்தார். அன்றிலிருந்து பெட்ரோல் தொட்ட கை இன்ஜினைத் தொடக்கூடாது, இன்ஜினைத் தொடுகிற கை டேங்க் பக்கம் போகக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நான்கு வருடமாக அம்மா டேங்க்கை விரலால்கூடத் தொட்டதில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இன்ஜின் படுத்த ஆரம்பித்தது.

இரண்டாவது இழுப்பிலேயே நன்றாகக் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து, முக்கால் ஆறு தாண்டியதும் சத்தம் மெலியும். பசி வந்த குழந்தை மாதிரி இழுத்து இழுத்து முனகும். பிறகு நின்றுவிடும். படகு நீரோட்டத்தோடு போக ஆரம்பிக்கும். மாமா பலகைக்கு அடியில் குனிந்து பல்பை அமுக்குவார். "பெட்ரோல் வருதுக்கா. என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் மாப்பிள்ளைதான் முறுக்கிக்கிறாரு" என்பார். இன்ஜினுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஆட்கள் சிரிப்பார்கள். அம்மா கயிற்றை இழுப்பாள். கிளம்பிவிடும்.

மாமா அப்படித்தான். எந்தக் கவலையையும் சிரிப்பாக்கிவிடுவார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். எனக்காக அம்மாவிடம் பேசுகிறவரும் அவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அவரைப் பிடிக்காமல் இதை எழுதவில்லை.

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிளக் மாற்றினாள். கார்பரேட்டரைக் கழற்றி, அதன் சின்னத் துளைகளைச் செம்புக் கம்பியால் குத்தி, ஊதி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று வடிகட்டியைக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்தாள். தண்ணீர் இல்லை. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பின்பக்கத் துளை வழியாக ஒழுங்காகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. என் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்று எழுதி வைத்தாள். நின்றதெல்லாம் பெரும்பாலும் காலை எட்டு மணி நடையில். அந்த நடையில்தான் டீச்சர், நர்ஸ், தபால்காரர் எல்லோரும் வருவார்கள்.

"பாரம் ஏறினாத் தாங்கல" என்றாள் அம்மா.

"வயசாச்சுல்ல. அதுக்கும்தான், உனக்கும்தான்" என்றார் மாமா.

"வாயை மூடுடா."

மூன்று தடவை தாமதமான டீச்சர் நான்காவது தடவை படகுத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. வியாழக்கிழமை பரிசோதகர் வருவார். முழுப் பாரத்தோடு போய்த் திரும்ப வேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. நின்றால் படகு ஓட்டும் அனுமதி ரத்து. அம்மா அதை இரண்டு தடவை படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அண்ணனிடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப காயில்தான்க்கா, பிளக்குக்குக் கரண்ட் குடுக்குறது. சூட்டுல ஸ்பார்க்க விட்டுடும். ஒண்ணு தரேன், போட்டுப் பாத்துட்டுக் குடு."

அம்மா மாட்டினாள். மறுநாள் காலை, பதினோராவது நிமிடத்தில் நின்றது. அன்று அம்மா சாப்பிடவில்லை. மாமாதான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, போனாப் போகுது விடு. எத்தனை நாளைக்குக் கயிறு இழுத்துக்கிட்டே இருப்ப? தோள்பட்டை வலிக்குதுன்னு நீதானே சொல்ற" என்றார். அதைக் கேட்டு எனக்கு அவர்மேல் பாசம்தான் வந்தது.

புதன்கிழமை மாமா பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க அந்தக் கரையிலேயே இறங்கிவிட்டார். மதியம் ஆட்கள் இல்லாத நேரத்தில் அம்மா பாரத்துக்கு ஆறு மண் மூட்டைகளைப் படகில் ஏற்றினாள். "நீ வந்து நடுவுல உக்காரு. மாமா என்ன பண்ணுவானோ அதைப் பண்ணு" என்றாள்.

மாமா என்ன பண்ணுவார் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். டேங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். படகு கரையில் கிடக்கும்போது பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க அதை இறுக்கி வைப்பார். கிளம்பும் முன்னால் தளர்த்துவார். உள்ளே பெட்ரோல் குறையக் குறைய வெளியிலிருந்து காற்று போக வேண்டும், அதற்கு அதுதான் வழி. நான் திருகைத் தளர்த்தினேன். பல்பை அது கெட்டியாகும் வரை அமுக்கினேன்.

போனோம். வந்தோம். மறுபடி போனோம். நாற்பது நிமிடம். இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் சந்தோஷத்தில் பலகையைத் தட்டினேன். "காயில்தாம்மா! மெக்கானிக் அண்ணன் சொன்னது சரிதான்!"

அம்மா சிரிக்கவில்லை. நடு ஆற்றில் இன்ஜினை அணைத்தாள்.

"இதே காயில் இருக்கும்போதுதானே இன்னைக்குக் காலையிலயும் நின்னுச்சு" என்றாள். பிறகு, "நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலம்மா. திருகைத் திறந்தேன், பல்பை அமுக்குனேன். அவ்வளவுதான்."

அவள் டேங்க் மூடியைப் பார்த்தாள்.

"மூடு."

"எதை?"

"திருகை. இறுக்கி மூடு."

மூடினேன். அவள் கயிற்றை இழுத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பத்தாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் வந்தது. அதே மெலிவு, அதே முனகல். நின்றது. அம்மா நான்கு வருடத்தில் முதல் தடவையாக எட்டி வந்து பல்பைத் தொட்டாள். அது சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப் போயிருந்தது. திருகை அவளே தளர்த்தினாள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. எங்கள் கண் முன்னாலேயே பல்ப் மெதுவாக உப்பி முட்டை ஆனது.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் மாமா குனிந்தது பல்பை அமுக்க மட்டும் இல்லை, திருகைத் திறக்கவும்தான்.

"மறந்திருப்பாரும்மா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

"தினமும் எட்டு மணிக்கு மட்டும் மறப்பானா?" என்றாள் அம்மா. ஒன்றரை மாதமாகக் கழற்றி மாட்டியதெல்லாம் இன்ஜின் பக்கம் மட்டும்தான். டேங்க் தம்பியின் பக்கம். அங்கே பார்க்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

வியாழக்கிழமை பரிசோதகர் குடையோடும் ஒரு பெரிய ரிஜிஸ்தரோடும் வந்தார். டீச்சர், நர்ஸ், தபால்காரர், நான், மிச்சப் பாரத்துக்கு நேற்றைய மண் மூட்டைகள். மாமா கன்னத்தில் வீக்கம் எதுவும் இல்லாமல் வந்து தன் பலகையில் உட்கார்ந்தார். அம்மா அவரை இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறக்கவில்லை.

"எல்லாம் பாத்துட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்துட்டேன்க்கா."

"நல்லாப் பாரு. இன்னொரு தடவை பாரு."

மாமா குனிந்து நிமிர்ந்தார். "சரியா இருக்குக்கா" என்றார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திருகு மூடியோடு ஒட்டிக் கிடந்தது. அம்மாவைப் பார்த்தேன். சும்மா இரு என்று கண்ணால் சொன்னாள்.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். டீச்சர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா இன்ஜினைப் பார்க்கவே இல்லை, தம்பியின் முதுகைப் பார்த்தபடி ஓட்டினாள். சத்தம் மெலிய ஆரம்பித்தது. பரிசோதகர் ரிஜிஸ்தரைத் திறந்தார்.

"தம்பி" என்றாள் அம்மா. கத்தவில்லை. "டேங்க் திருகைத் திற."

மாமா திரும்பவில்லை. அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். கை பலகைக்கு அடியில் போனது. உஸ் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்ஜின் இரண்டு தடவை இருமி, பிடித்துக்கொண்டது.

"என்னம்மா அது?" என்றார் பரிசோதகர்.

"காத்துப் போற வழி சார். மறந்துட்டான்."

"ஒன்றரை மாசமாவா?" என்றார் டீச்சர். தபால்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமாவுக்கு ஒரு சிரிப்பும் தோன்றாத நாள் அதுதான்.

போய்த் திரும்பினோம், நிற்கவில்லை. பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு மாமாவே ஆரம்பித்தார். அந்தக் கரையில் புதிதாகக் கட்டுகிற விடுதிக்காரர்கள் கூரை போட்ட பெரிய படகு ஒன்று விடப் போகிறார்களாம். இந்தப் படகு நின்றால் ஆற்றில் படகு ஓட்டும் அனுமதி அவர்களுக்கு. அதை ஓட்ட மாமாவுக்கு வேலை. நேற்று போனது பல் டாக்டரிடம் இல்லை, அங்கேதான்.

"உன்னையும் சேத்துக்கச் சொல்லியிருக்கேன்க்கா. சும்மா உக்காந்து டிக்கெட் கிழிச்சாப் போதும். உனக்கும் சேத்துத்தான் யோசிச்சேன்."

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்" என்றாள் அம்மா. "ஆனா உன்னைப் போகச் சொல்லியிருப்பேன். இன்னைக்கு ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன்ல. அப்பகூட நீ திறக்கல. இனி இந்தப் படகுல ஏறாத."

மாமா என்னைப் பார்த்தார். எப்போதும் நான்தான் அவர் பக்கம் பேசுவேன். நான் மண் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறிப் போனார்.

இப்போது படகில் ஒரு பழைய வாளியும் சோப்பும் இருக்கின்றன. ஒவ்வொரு நடைக்கு முன்னாலும் அம்மாவே டேங்க்கைத் திறக்கிறாள், திருகைத் தளர்த்துகிறாள், பல்பை அமுக்குகிறாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகுதான் இன்ஜினைத் தொடுகிறாள். அதற்கே மூன்று நிமிடம் ஆகிறது. "என்னக்கா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" என்கிறார் நர்ஸ்.

நடுப்பலகை காலியாக இருக்கிறது. போன வாரம் கேட்டேன். "நான் உக்காரட்டுமாம்மா? திருகைத் திறக்கணும், அவ்வளவுதானே. நான்தானே அன்னைக்குத் திறந்தேன்."

அம்மா கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, "நீ முன்னால போய் ஆளுங்களோட உக்காரு" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். தபால்காரர் தள்ளி இடம் கொடுத்தார். அம்மா கையை உலர்த்திக்கொண்டிருந்தாள். எட்டு மணி தாண்டி மூன்று நிமிடம் ஆகியிருந்தது.